எங்கள் கதையை எங்கள் வாயால்: கனடாவில் அகதி விசாரணை வளர்ந்த வரலாறு



"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்" என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அரசாங்க உத்தியோகத்துக்கு நாம் கொடுத்த மதிப்பு அப்படி. அதே ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு: "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடான்." கச்சேரிக்கும் விதானையார் வீட்டுக்கும் நடந்து களைத்த சனம் சொன்ன பேச்சு அது. மேசைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்தவர்களும் நாம்தான், இந்தப் பக்கம் வாங்கில் காத்திருந்தவர்களும் நாம்தான். ஆகவே ஒரு கந்தோர் நன்றாக நடப்பது என்றால் என்ன, கெட்டுப் போவது என்றால் என்ன என்று எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு வாங்கில் காத்திருப்பதே எமது முழுநேர வேலையாயிற்று. எண்பதுகளின் பிற்பகுதியில் இரண்டு தமிழர் தெருவில் சந்தித்தால் சுகம் விசாரிப்பதற்கு முன்னமே, "தம்பி, உம்மட கேஸ் என்ன மாதிரி?" என்றுதான் கேட்பார்கள். "இன்னும் கூப்பிடேல்லை அண்ணை" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதிலுக்குள் ஊரில் விட்டு வந்த மனைவி, வளர்ந்து கொண்டிருந்த பிள்ளை, கட்ட முடியாத வட்டி எல்லாம் அடங்கியிருந்தன.

எமது புத்தாண்டுக்குப் பத்து நாள் முந்தி வருவது ஏப்ரல் 4. கனடாவில் அந்த நாளை அகதிகள் உரிமை நாள் என்று நினைவுகூருகிறார்கள். எங்கட சனத்தில் பலருக்கு அது ஏன் என்று தெரியாது. எமது பிள்ளைகளுக்கு அறவே தெரியாது. அந்த நாளின் கதையையும், அதன் பின் ஒரு அரசாங்க நிறுவனம் எப்படித் திருந்தியது, எங்கே எங்கே மறுபடியும் சறுக்கியது என்ற கதையையும் இந்த மலரில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

ஆளைக் காணாத தீர்ப்பு

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் அகதிகளுக்கென்று ஒழுங்கான ஏற்பாடு வந்தது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். அது 1978இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அகதி அந்தஸ்துக் கேட்டு வருபவரை ஒரு மூத்த குடிவரவு அதிகாரி சத்தியப்பிரமாணத்தின் பேரில் விசாரிப்பார். கேள்வியும் பதிலும் தட்டச்சில் ஏறும். அந்தத் தாள்கள் ஒட்டாவாவில் இருந்த அகதி அந்தஸ்து ஆலோசனைக் குழுவுக்குப் போகும். குழு தாள்களைப் படித்து அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும். அமைச்சரின் பெயரில் முடிவு வரும்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். கேள்வி கேட்ட அதிகாரி முடிவு எடுப்பதில்லை. முடிவு எடுப்பவர்கள் ஆளைக் கண்டதே இல்லை. காகிதம் ஒட்டாவாவுக்குப் போகும், ஆள் ரொறன்ரோவில் இருப்பார். மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுச் சபையிடம் மீள் பரிசீலனை கேட்கலாம். அங்கேயும் முதலில் காகிதம்தான். கேஸ் வெல்லும் போல இருக்கிறது என்று சபைக்குத் தோன்றினால் மட்டும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். வெல்லும் என்று காட்டினால்தான் கதைக்க விடுவோம் என்றால், கதைக்க விடாமல் எப்படிக் காட்டுவது?

காகிதத்தில் செய்தால் கெதியாக முடியும், செலவு குறையும் என்பதுதான் இந்த முறையை வைத்திருந்தவர்களின் நினைப்பு. நிர்வாகம் படித்தவர்கள் பலர் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சிங் வழக்கு, 1985 ஏப்ரல் 4

இந்த முறையை எதிர்த்து ஏழு பேர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த சீக்கியர்கள். கயானாவிலிருந்து வந்த ஒரு பெண்மணியும் அதில் சேர்த்தி. முதலாவது பெயரைக் கொண்டு இது சிங் வழக்கு என்று பெயர் பெற்றது. கனடியத் திருச்சபைகள் மன்றமும் சீக்கிய சங்கங்களின் சம்மேளனமும் அவர்களுக்குத் துணையாக நீதிமன்றத்தில் வாதாடின. அப்போது உரிமைகள் சாசனம் பிறந்து மூன்று வயதுகூட ஆகவில்லை. சாசனம் 1982இல்தான் வந்தது.

தீர்ப்பளித்த ஆறு நீதியரசர்களும் ஏழு பேரின் பக்கமே நின்றார்கள். ஆனால் காரணத்தில் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். ஒரு பாதியினர் சாசனத்தின் 7ஆம் பிரிவை எடுத்தார்கள். மறு பாதியினர் 1960ஆம் ஆண்டின் பழைய உரிமைகள் சட்டத்தை எடுத்தார்கள். சாசனப் பக்கத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பேர்த்தா வில்சன். கனடிய உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண். அவரும் ஸ்கொட்லாந்திலிருந்து இந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்தான்.

அவர் சொன்னவற்றில் இரண்டு விஷயங்களை நாம் நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, சாசனத்தில் உள்ள "ஒவ்வொருவரும்" என்ற சொல் குடியுரிமை பெற்றவர்களை மட்டும் குறிப்பதல்ல, கனடிய மண்ணில் நிற்கின்ற எவரையும் குறிக்கும். இரண்டாவது, ஒருவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதைப் பொறுத்து அவருடைய உயிர் இருக்கும்போது, அவரை நேரில் கேளாமல் நம்பமுடியாதவர் என்று முடிவு கட்டக் கூடாது.

இத்தனை ஆயிரம் பேரை நேரில் கேட்பதென்றால் எவ்வளவு செலவு, எவ்வளவு தாமதம் என்று அரசாங்கத் தரப்பு வாதிட்டது. நிர்வாக வசதிக்காக ஒதுக்கி வைக்கலாம் என்றால் சாசனம் தரும் உரிமைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும் என்ற கருத்தில் வில்சன் அதற்குப் பதில் எழுதினார். ஒரு நாட்டின் நிர்வாக வரலாற்றில் இது பெரிய வார்த்தை. கந்தோரின் வசதிக்காக ஆள் இல்லை, ஆளுக்காகவே கந்தோர் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது.

கடலில் வந்த 155 பேர்

தீர்ப்பு வந்தவுடன் கதவு திறந்துவிடவில்லை. அதே 1985இல் ரொறன்ரோவின் யூத மதகுரு குந்தர் பிளவுட் அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். இவர் 1935இல் நாசி ஜேர்மனியை விட்டு ஓடியவர். அகதி என்றால் என்ன என்று புத்தகம் பார்த்து அறிந்தவர் அல்ல. நேரில் கேட்கும் விசாரணையை நடுவில் வைத்துப் புதிய முறையொன்றை எப்படிக் கட்டலாம் என்று அவர் வழிகள் காட்டினார். ஆனால் சட்டம் வர வருடங்கள் எடுத்தன. கோவைகள் குவிந்தன. 1986இல் அரசாங்கம் தேங்கியிருந்த பழைய கேஸ்களை விசேட மீளாய்வு ஒன்றினால் வேகமாக முடிக்கப் பார்த்தது. ஒரு பக்கம் குவியல் குறைந்தது, மறு பக்கம் இன்னொரு முறையும் இப்படி மன்னிப்பு வரும் என்ற எண்ணத்தில் புதிய குவியல் வளர்ந்தது.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்து கொண்டிருந்ததை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னவர்கள் உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்று பிறகு தெரிய வந்தபோது, பத்திரிகைகளில் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் அவர்களுக்கு ஒரு வருட அமைச்சர் பெர்மிட் கொடுக்கப்பட்டது. பிரதமர் மல்ரோனி அதற்கு ஆதரவாக நின்றார்.

பிறகு காற்று மாறியது. 1987 பெப்ரவரியில் இலங்கை உட்பட்ட பல நாட்டவருக்கு இருந்த விசேட சலுகை நிறுத்தப்பட்டது. அமெரிக்க எல்லையால் வந்தவர்கள் "திகதி வரும், அங்கே போய் இருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். பஃபலோவின் தங்குமடங்களில் குளிருக்குள் காத்திருந்தவர்கள் எமது வாசகர்களிலேயே இருக்கிறார்கள். அதே ஆண்டு யூலையில் நோவா ஸ்கோஷியாக் கரையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர்கள், வந்து இறங்கினார்கள். கோடை விடுமுறையில் இருந்த நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. அந்தக் கொதிப்புக்குள் பிறந்த சட்டத்தின் வழியாகத்தான், 1989 சனவரி 1ஆம் திகதி, குடிவரவு அகதிகள் சபை தொடங்கியது.

சபை திறந்தது

கோபத்தில் எழுதிய சட்டமென்றாலும் அதற்குள் சிங் தீர்ப்பின் உயிர் இருந்தது. முடிவு எடுப்பவர் ஆளை நேரில் கேட்க வேண்டும். அவர் அமைச்சரின் ஆள் அல்ல, சுயாதீனமான சபையின் உறுப்பினர். முழு விசாரணையில் இரண்டு உறுப்பினர் இருப்பார்கள். இருவருக்கும் கருத்து வேறுபட்டால், சில விதிவிலக்குகளைத் தவிர, அகதிக்குச் சாதகமான முடிவே நிற்கும். சந்தேகத்தின் பலனை வந்தவருக்குக் கொடுத்த ஏற்பாடு அது.

பழைய குவியல் தனியாக நின்றது. 1989க்கு முன் விண்ணப்பித்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்குள் இருந்தார்கள். இரண்டு வருடத்தில் முடிப்போம் என்று திட்டமிட்டார்கள். இரண்டு வருடத்தில் முடியவில்லை. எங்கட ஆட்கள் அதைப் பாக்லொக் என்று தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். "நான் பாக்லொக் ஆள்" என்று சொன்னால் மேலே ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

நானும் பாக்லொக் ஆள்தான். 1987 கடைசியில் வந்தேன். முதல் நேர்காணலில் ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு தட்டச்சு. "இரவிலை பெடியள் வந்து சாப்பாடு கேட்டவை. குடுத்தனாங்கள். விடிய ஆமி வந்து அப்பாவை அடிச்சுது" என்று சொன்னேன். இதைவிடத் தெளிவாக யாழ்ப்பாணத்தான் ஒருவன் சொல்ல முடியாது. தாளில் ஏறியது வேறு. சிறுபிள்ளைகள் இரவில் வந்து உணவு கேட்டார்கள், மறுநாள் இராணுவம் தந்தையை அடித்தது என்று இருந்தது. பெடியளை அந்த மனுசன் பிள்ளைகள் ஆக்கிவிட்டார். அவரிலும் பிழை சொல்ல ஏலாது, அவர் எங்கட பக்கத் தமிழ் பேசுகிறவர் அல்ல. பிள்ளைகளுக்குச் சோறு போட்டதற்கு எந்த இராணுவம் அடிக்கும்? தாளை மட்டும் படிப்பவருக்கு நான் பொய்யன்.

1991இல்தான் இரண்டு பேர் முன்னால் ஒரு கதிரையில் இருந்து கதைக்கக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் அந்த வரியைத் தொட்டு, "எந்தப் பிள்ளைகள்?" என்று கேட்டார். பிள்ளைகள் இல்லை ஐயா, இயக்கப் பெடியள், துவக்கோடை வந்தவை என்று விளங்கப்படுத்தினேன். ஒரு நிமிடம் எடுத்திருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு எழுதிக் கொண்டார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் காத்திருந்தது மூன்றரை வருடம். அதற்குள் ஊரில் அப்பா போய்விட்டார்.

நேரில் கேட்பதால் தாமதம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். என்னைத் தாமதித்தது அந்த ஒரு நிமிடம் அல்ல. அந்த ஒரு நிமிடத்தைத் தராமல் கோவையைச் சுமந்து திரிந்த வருடங்கள்தான்.

எங்கே திருந்தினார்கள்

குறை சொல்லும் நாம் நல்லதையும் சொல்ல வேண்டும். சபை தன் ஆரம்ப ஆண்டுகளிலேயே ஒரு கெட்டிக்கார வேலை செய்தது. நாட்டு நிலைமை நன்றாகத் தெரிந்த, பெரும்பாலும் ஏற்கப்படுகின்ற கேஸ்களை நீண்ட விசாரணை இல்லாமல், சுருக்கமான நேர்காணலோடு ஏற்கும் வழியை வைத்தது. ஆம் என்று சொல்வதற்குச் சுருக்கவழி, இல்லை என்று சொல்வதற்கு முழு விசாரணை. வேகமும் நியாயமும் ஒரே வண்டியில் பூட்டப்பட்ட இரண்டு மாடுகள் மாதிரி நடந்த இடம் அது. எமது சனத்தில் பலர் அந்த வழியால் வந்தவர்கள். 2019இலும் சிக்கல் குறைந்த கேஸ்களுக்கு இதே யோசனையைச் சபை திரும்பக் கையில் எடுத்தது.

இரண்டாவது, சபை ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் தகவல் திரட்டும் ஆய்வுப் பிரிவை வளர்த்தது. உறுப்பினருக்கு வவுனியா எங்கே, மன்னார் எங்கே என்று தெரிந்தால்தான் கேள்வி சரியாக வரும். மூன்றாவது, 1993 மார்ச்சில் பெண் அகதிகளின் விண்ணப்பங்களை எப்படிக் கேட்க வேண்டும் என்று வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அப்போது சபைத் தலைவராக இருந்தவர் நூர்ஜெகான் மவானி. உலகில் வேறு எந்த நாடும் அதற்கு முன் அப்படிச் செய்யவில்லை.

நான்காவது திருத்தம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1999இல் பேக்கர் வழக்கு. ஜமெய்க்காவிலிருந்து வந்து பல வருடம் வீட்டுவேலை செய்து பிழைத்த ஒரு தாயின் மனிதாபிமான விண்ணப்பத்தை மறுத்த அதிகாரி, அவரைப் பற்றி இழிவாகக் குறிப்பு எழுதியிருந்தார். முக்கியமான முடிவுக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், பக்கச்சார்பு இருக்கக் கூடாது, பிள்ளைகளின் நலனைக் கவனிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுப்புக் கடிதத்தோடு காரணம் வருவது இன்று சாதாரணமாகத் தெரியலாம். அதற்கும் ஒருவர் போராட வேண்டியிருந்தது.

எங்கே சறுக்கினார்கள்

2002 யூனில் புதிய சட்டம் வந்தது. இரண்டு உறுப்பினருக்குப் பதிலாக ஒருவர் போதும் என்றது. அதற்கு ஈடாக மேன்முறையீட்டுப் பிரிவு ஒன்றை வாக்களித்தது. ஒருவராக்கியது உடனே நடந்தது. மேன்முறையீட்டுப் பிரிவு திறந்தது 2012 டிசெம்பர் 15ஆம் திகதி. பத்து வருடம்! சிக்கனம் முன்வாசலால் வந்துவிட்டது, பாதுகாப்பு பத்து வருடம் படலைக்கு வெளியே நின்றது.

இடையில், விசாரணை கெதியாக முடிய வேண்டுமென்று உறுப்பினரே முதலில் கேள்வி கேட்பார், லோயர் பிறகு கேட்கலாம் என்று ஒரு வழிகாட்டி 2003இல் வந்தது. இலங்கைத் தமிழர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2006இல் சமஷ்டி நீதிமன்றம் அதைப் பிழை என்றது. 2007இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வழிகாட்டி செல்லும், ஆனால் தேவையான இடத்தில் உறுப்பினர் ஒழுங்கை மாற்றலாம் என்றது.

உறுப்பினர் நியமனம் இன்னொரு நோய். கட்சிக்கு வேலை செய்தவர்களுக்குப் பரிசாகப் போகும் பதவி என்று நீண்ட காலம் குறை கேட்டது. பிறகு பழைய உறுப்பினர்களின் காலம் முடிய, புதியவர்களை நியமிப்பது தாமதமாகி, ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. கதிரையில் ஆள் இல்லாவிட்டால் கோவை என்ன செய்யும்? குவியும். கணக்காய்வாளர் நாயகம் 2009இல் இதை நாடாளுமன்றத்துக்கு எழுதியே கொடுத்தார். 2012இலிருந்து முதல் விசாரணையை அரச சேவை உத்தியோகத்தர் செய்யும் முறை வந்தது.

2009இல் ஓஷன் லேடி கப்பலில் 76 பேரும், 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேரும் வந்தபோது 1986இன் வரவேற்பு இருக்கவில்லை, தடுப்புக்காவல்தான் இருந்தது. அதைத் தொடர்ந்த 2012ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலானோருக்கு விசாரணையை 60 நாளுக்குள் வைக்க வேண்டும் என்றது. கேட்க நல்லாய்த்தான் இருந்தது. புதியவர்களுக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தபடியால் பழையவர்களின் கோவைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஐந்து வருடம் கழித்து, 2017இல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பழைய கேஸ்களை முடிக்கவென்று தனிக் குழு போட வேண்டி வந்தது. புதியவர்களின் 60 நாளையும் காப்பாற்ற முடியவில்லை.

2018இல் முன்னாள் பிரதி அமைச்சர் நீல் யேற்ஸ் ஒரு மீளாய்வு அறிக்கை கொடுத்தார். அகதி முடிவுகளை அமைச்சருக்குப் பொறுப்பான ஒரு முகவர் நிலையத்துக்கு மாற்றலாமா என்ற கேள்வியையும் அது எழுப்பியது. சபை சுயாதீனமாகவே தொடர்ந்தது, ஆனால் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2024 முடிவில் காத்திருந்த விண்ணப்பங்கள் இரண்டரை இலட்சத்தைத் தாண்டின. 2025 யூனில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சட்டமூலம் ஒன்றில், நாட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்குப் பின் விண்ணப்பிப்பவர்களைச் சபைக்கு அனுப்பாமல், அதிகாரி ஒருவரின் இடர் மதிப்பீட்டுக்கு விடும் யோசனையும் இருந்தது. அந்த மதிப்பீடு பெரும்பாலும் காகிதத்தில் நடப்பது. காகிதம் மறுபடியும் ஆளை முந்தப் பார்க்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஆள் போட்டு, அறிவு போட்டு, நேரில் கேட்டு, காரணம் எழுதிய காலங்களில் சபை திருந்தியது. நாள் கணக்கை மட்டும் சட்டத்தில் எழுதி, கதிரையை வெறுமையாக விட்ட காலங்களில் குவியல் வளர்ந்தது. முதலில் சரியாகக் கேட்டுவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கத் தேவையில்லை. எங்கட அம்மாமார் சொல்வது போல, பதறாத காரியம் சிதறாது.

எமது பங்கும் இதில் இருக்கிறது. இன்று எங்கள் சங்கத்துக்குப் படிவம் நிரப்ப வருபவர்கள் வேறு மொழி பேசுபவர்களாகவும் இருக்கிறார்கள். "எங்கட அலுவல் முடிஞ்சுது, இனி வாறவை தங்கட பாட்டைப் பாக்கட்டும்" என்று சிலர் சொல்வதைக் கேட்டு மனம் நோகிறது. எமக்குக் கதவு திறந்தவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல. ஏழு அந்நியர். அவர்கள் வென்ற கதிரையில்தான் நாம் இருந்து கதைத்தோம்.

இந்த நாட்டில் பிறந்த எமது பிள்ளைகள் பலர் இப்போது அரச சேவையில் இருக்கிறார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற ஆசை ஒருவாறு நிறைவேறிவிட்டது. அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பிள்ளையள், உங்கட மேசைக்கு முன்னாலை ஒரு கோவை வந்தால், அதற்குப் பின்னாலை வாங்கிலை ஒரு ஆள் இருக்கிறார் என்று நினையுங்கோ. அது ஒரு காலத்தில் உங்கட அப்பாவாக இருந்தது.

இந்த வருடப்பிறப்பில் கைவிசேஷம் கொடுக்கும்போது, ஏப்ரல் 4இன் கதையையும் பிள்ளைகளின் கையில் சேர்த்துக் கொடுங்கள்.